கண்டதெல்லாம் காரணமா?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று மலம் பரிசோதிக்கக் கொடுத்தால், திரும்பி வரும் சீட்டில் ஏழெட்டு வரிகள்தான் இருக்கும். நிறம், பதம், சளி உண்டா, ரத்தம் உண்டா, சீழணுக்கள் எத்தனை, சிவப்பணுக்கள் எத்தனை. கடைசி வரி ஒட்டுண்ணிகளுக்கு. அங்கே ‘ஓவா, சிஸ்ட் இல்லை’, அதாவது ஒட்டுண்ணியின் முட்டையோ ஓடு கட்டிய வடிவமோ இல்லை, என்று எழுதியிருந்தால் வீட்டில் நிம்மதி. ‘ஈ. ஹிஸ்டாலிடிகா சிஸ்ட் உண்டு’ என்று எழுதியிருந்தால் அன்று மாலைக்குள் அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோல் சிரப் வாங்கியாகிவிடும்.

இரண்டு வரிகளையும் அப்படியே நம்புவதற்கில்லை. முதலாவது, இருப்பதைப் பார்க்கத் தவறியதாக இருக்கலாம். இரண்டாவதில், கண்ணில் பட்டதற்கும் குழந்தையின் பேதிக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். எது அதிகத் தொல்லை என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். பதில் கிடைத்துவிட்டது என்ற திருப்தியைக் கொடுத்து, மேற்கொண்டு தேடுவதை அது நிறுத்திவிடுகிறது.

குடலில் குடியிருக்கும் ஒட்டுண்ணிகளில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று புழுக்கள். நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, கீரிப்பூச்சி, நாடாப்புழு. இன்னொன்று ஒற்றைச் செல் உயிரிகள். ஜியார்டியா, அமீபா, கிரிப்டோஸ்போரிடியம். வீட்டுப் பெரியவர்களின் சந்தேகம் எப்போதும் முதல் கூட்டத்தின் மேல்தான். ‘ராத்திரியில பல்லைக் கடிக்கிறான், வாயில எச்சி ஒழுகுது, பூச்சியாத்தான் இருக்கும்’ என்பார்கள். ஆனால் சின்னக் குழந்தைகளுக்குத் திடீரென்று வரும் வயிற்றுப்போக்கில் புழுக்களுக்குப் பெரிய பங்கு கிடையாது. ரோட்டா போன்ற வைரஸ்களும், ஷிகெல்லா, ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. புழுக்கள் செய்யும் கெடுதல் மெதுவானது. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிச் சோகையைக் கொண்டுவரும். சாட்டைப்புழு ஏராளமாகப் பெருகினால் சளியும் ரத்தமுமாகப் போய், மலக்குடலே ஆசனவாய் வழியாக வெளியே தள்ளிக்கொள்வதும் உண்டு. கீரிப்பூச்சியை மலத்தில் தேடுவதே வீண். பெண்புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடுகிறது. விடிந்ததும், குழந்தையைக் கழுவுவதற்கு முன், ஒட்டும் செலோபேன் டேப்பை அந்த இடத்தில் ஒற்றி எடுத்து ஸ்லைடில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

நாக்குப்பூச்சியைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை வேண்டாம். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இடும். ஒரே ஒரு பெண்புழு இருந்தாலும் ஸ்லைடில் அகப்பட்டுவிடும். 2015 முதல் இந்தியாவில் பிப்ரவரி 10 ஆம் தேதி தேசியக் குடற்புழு நீக்க நாளாக நடக்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் ஆல்பெண்டசோல் மாத்திரை, பரிசோதனை எதுவும் இல்லாமலே எல்லாக் குழந்தைகளுக்கும் போகிறது. புழுக்களைப் பொறுத்தவரை அது கெட்டிக்கார ஏற்பாடு. ஆளாளுக்கு மலம் சோதிக்க ஆகும் செலவைவிட மாத்திரை மலிவு. ஆனால் அந்த ஒற்றை மாத்திரை ஜியார்டியாவை ஒழிக்காது. அதற்கு அதே மருந்தை ஐந்து நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு அது வேலைக்கே ஆகாது. ‘போன மாசம்தான் பூச்சி மாத்திரை போட்டோம், ஆனாலும் பேதி நிக்கலையே’ என்று திகைக்கும் பெற்றோருக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஆக, தேட வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தை. அங்கேதான் சிக்கலும்.

ஜியார்டியாவை முதன்முதலில் பார்த்தவர், டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டனி வான் லேவன்ஹூக். 1681 இல் தன் வயிறு சரியில்லாத நாட்களில் தன் மலத்தையே தன் லென்ஸின் கீழ் வைத்தார். அதில் ஊர்ந்த சிற்றுயிர்களை விவரித்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தளர்ந்து போகும் நாட்களில் என்ன சாப்பிட்டோம், என்ன குடித்தோம் என்பதையும் அவர் குறித்து வைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. உயிரியைப் பார்த்தவுடன் அதன் தலையில் பழியைப் போட்டுவிடவில்லை அவர். பிறகு 1859 இல், பிராக் நகரத்தில், வில்ஹெல்ம் லாம்பிள் என்ற மருத்துவர் குழந்தைகளின் சளி கலந்த மலத்தில் அதே உயிரியைக் கண்டு விரிவாக வரைந்து வைத்தார். அவர் பெயரால் அது வெகுகாலம் ‘லாம்பிலியா’ என்றே வழங்கியது.

இவ்வளவு முன்னாடியே பார்த்தும், இது நோய் தருவதா அல்லது சும்மா குடியிருப்பதா என்ற வாக்குவாதம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஓயவில்லை. 1954 இல் அமெரிக்காவில் ரெண்டார்ஃப் என்பவர் சிறைக்கைதிகளில் தாமாக முன்வந்தவர்களுக்கு ஜியார்டியா சிஸ்டுகளை எண்ணி விழுங்கக் கொடுத்தார். (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.) பத்தே சிஸ்டுகள் தொற்றுக்குப் போதுமானதாக இருந்தன. ஆனால் தொற்றியவர்கள் தெளிவாக நோயில் விழவில்லை. 1987 இல் நடந்த இன்னொரு ஆய்வில், மனிதர்களிடமிருந்து எடுத்த இரண்டு வெவ்வேறு ஜியார்டியா வகைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வகை தொற்றியவர்களில் பாதிப்பேரைப் படுக்க வைத்தது. மற்றது ஒருவரிடமும் ஒட்டவேயில்லை. ஒரே பெயர், நடத்தை வேறு. ஸ்லைடில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஸ்லைடுவரை போவதற்கு முன்பே காரியம் கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. லேப் ஜன்னலோரம் அடிக்கடி நடக்கும் பேச்சு இது:

“தம்பி, இது ராத்திரி போனதுங்க. கெட்டுப்போயிரக் கூடாதுன்னு ஃபிரிட்ஜுல வெச்சு எடுத்தாந்தேன்.”

“அக்கா, தண்ணியாப் போனத அரை மணி நேரத்துக்குள்ள பாக்கணும். பாப்பா இங்கதானே இருக்குது? இப்ப போனா இந்த டப்பாவுல பிடிங்க. மூத்திரம் கலக்காமப் பாத்துக்குங்க.”

அந்த அம்மா மேல் தப்பே இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது என்பது சமையலறையில் உண்மை. ஒட்டுண்ணிக்கு அது பொருந்தாது. ஜியார்டியாவும் அமீபாவும் குடலுக்குள் நடமாடித் திரியும் வடிவம் ஒன்று, வெளியே தாக்குப்பிடிக்க ஓடு கட்டிக்கொண்ட சிஸ்ட் வடிவம் ஒன்று என இரண்டு வாழ்நிலைகள் கொண்டவை. தண்ணீராகப் போகும்போது, சிஸ்டாக மாற நேரம் கிடைக்காமல் நடமாடும் வடிவமே அடித்துக்கொண்டு வந்துவிடும். அது வெளிக்காற்றில் அரை மணியில் சிதையத் தொடங்கும். சிறுநீர் பட்டாலும் செத்துப்போகும். குளிரில் அசைவு நின்றுபோகும். அசைவு நின்றுவிட்டால் ஒரு வெள்ளையணுவிலிருந்து அதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். டயாப்பரில் போனது இன்னும் மோசம். ஈரத்தையெல்லாம் பஞ்சு உறிஞ்சிக்கொண்டு விடும். வழவழப்பான பக்கம் உள்ளே வரும்படி டயாப்பரைத் திருப்பிக் கட்டி எடுப்பது ஒரு வழி.

எண்ணெயும் குறுக்கே வரும். பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்து ‘வயித்தைக் கழுவி’ விடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மறுநாள் ஸ்லைடு முழுக்க எண்ணெய்த் துளிகள்தான் மிதக்கும். லேபுக்கு வருவதற்கு முன்பே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை நாலு வேளை கொடுத்திருந்தால், ஒட்டுண்ணி சாகாமலே சில வாரங்களுக்குக் கண்ணில் படாமல் பதுங்கிவிடக்கூடும்.

நல்ல மாதிரி வந்துசேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடின் ஒரு பக்கம் ஒரு சொட்டு உப்புநீர், மறுபக்கம் ஒரு சொட்டு அயோடின். ஒரு குச்சியின் நுனியில் சிறிது மலம் எடுத்து, சளியோ ரத்தமோ இருந்தால் அந்த இடத்திலிருந்தே எடுத்து, இரண்டிலும் கலக்க வேண்டும். கலவை எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்பதற்கு லேபுகளில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்லைடுக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். படிக்க முடியவில்லையென்றால் கெட்டி. பளிச்சென்று தெரிந்தால் நீர்த்துப்போய்விட்டது. மேலே கவர்ஸ்லிப்பை ஒரு ஓரமாகச் சாய்த்து, குமிழி வராமல் இறக்கி, சிறிய உருப்பெருக்கத்தில் ஒரு மூலையில் தொடங்கி, மேலும் கீழுமாக ஒரு வரி விடாமல் நகர்த்திப் பார்க்க வேண்டும். சந்தேகப்பட்ட இடத்தில் பெரிய உருப்பெருக்கம். ஒழுங்காகச் செய்தால் ஒரு ஸ்லைடுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். காலை பதினொரு மணிக்குள் ஐம்பது டப்பாக்கள் வரிசையில் நிற்கும் லேபில் பத்து நிமிடத்துக்கு எங்கே போவது?

உப்புநீர்ப் பக்கம் அசைவுக்கானது. ஜியார்டியா 10 முதல் 20 மைக்ரான் நீளமுள்ள பேரிக்காய் வடிவம், இரண்டு உட்கருக்கள், நான்கு ஜோடிச் சாட்டைகள். அது நேராக நீந்துவதில்லை. மரத்திலிருந்து உதிர்ந்த இலை காற்றில் புரண்டு புரண்டு இறங்குவதைப் போல வரும். ஒரு தடவை பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார். அயோடின் பக்கத்தில் எல்லாம் செத்துவிடும். ஆனால் உட்கருக்கள் நிறமேறித் தெரியும். சிஸ்டில் எத்தனை உட்கரு என்று எண்ணுவதற்கு அதுதான் வழி.

அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடலாமா? ஜியார்டியா சிஸ்டுகள் தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. சில நாள் ஏராளம், சில நாள் ஒன்றுமே இருக்காது. ஒரே ஒரு மாதிரியைப் பார்த்தால் பாதிக்குப் பாதி தவறிப்போகவும் இடமுண்டு. அதனால்தான் ஒன்று விட்டு ஒரு நாளாக மூன்று மாதிரிகள் கேட்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற தாயிடம் மூன்று நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வது எழுதுவதற்குச் சுலபம். நடைமுறையில் முதல் மாதிரியோடு கதை முடிந்துவிடுகிறது. இப்போது ஜியார்டியாவின் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிஜென் சோதனைகள் வந்துவிட்டன. உடைந்துபோன உயிரியின் துண்டுகளும் அதில் அகப்படும். ஒரு மாதிரியிலேயே நுண்ணோக்கியின் மூன்று மாதிரிகளுக்கு ஈடாக அது வேலை செய்துவிடுகிறது.

அமீபாவின் கதை வேறு மாதிரி. தவறவிட்டதால் அல்ல, அளவுக்கு மீறிக் கண்டதால் வந்த குழப்பம் அது. 1875 இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஃபியோதர் லெஷ் என்ற மருத்துவர், வடக்கேயிருந்து பிழைக்க வந்த ஓர் இளம் விவசாயியின் ரத்த பேதியில் அமீபாக்கள் கூட்டமாக இருப்பதைக் கண்டார். நாய்களின் மலக்குடலில் அவற்றைச் செலுத்திப் பார்த்தார். ஒரு நாய்க்குப் புண் வந்தது. நோயாளி இறந்துபோனார். இத்தனை நடந்த பிறகும் அமீபாதான் மூலகாரணம் என்று லெஷ் எழுதவில்லை. வேறு எதனாலோ வந்த புண்ணை அது ஆறவிடாமல் செய்கிறது என்ற அளவில் நின்றுகொண்டார். அவருடைய கணிப்பு தவறு. ஆனால் அந்தத் தயக்கம் பிற்கால மருத்துவர்களிடம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அதன் பிறகு அமீபா சிஸ்டைப் பார்த்த இடத்திலெல்லாம் நோய் என்றே எழுதப்பட்டது. சிஸ்ட் உள்ளவர்களில் பெரும்பாலோர் நலமாக நடமாடிக்கொண்டிருந்தது ஒரு புதிராகவே இருந்தது. 1925 இல் பிரெஞ்சு ஒட்டுண்ணியியலாளர் எமில் புருப்ட் ஒரு விடை சொன்னார். பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் இவை இரண்டு வெவ்வேறு இனங்கள். ஒன்று புண்ணாக்குவது, மற்றது சாது. சாதுவுக்கு என்டமீபா டிஸ்பார் என்று பெயரும் வைத்தார். கண்ணால் பிரித்துக் காட்ட முடியாததை யார் நம்புவார்கள்? அவருடைய கருத்து அரை நூற்றாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. நொதிகளையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழிகள் வந்தபின் 1993 இல் டயமண்ட், கிளார்க் இருவரும் புண்ணாக்கும் ஹிஸ்டாலிடிகாவும் சாதுவான டிஸ்பாரும் தனித்தனி இனங்கள்தான் என்று முறைப்படி நிறுவினார்கள். உலகில் அமீபா சிஸ்டோடு வாழ்பவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேரிடம் இருப்பது அந்தச் சாதுதான் என்று கணக்கிட்டார்கள். 1997 இல் மெக்சிகோ நகரில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, நுண்ணோக்கியில் மட்டும் பார்த்தால் ‘ஹிஸ்டாலிடிகா அல்லது டிஸ்பார்’ என்றே சீட்டில் எழுத வேண்டும், நோய்க்குறி இல்லாதவருக்கு அதை மட்டும் வைத்து மருந்து தரக்கூடாது என்று பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. நம் ஊர்ச் சீட்டுகளில் இன்னும் ‘ஈ. ஹிஸ்டாலிடிகா’ என்று மட்டுமே எழுதிவருவதைப் பார்க்கலாம்.

சிஸ்டை வைத்து முடிவு செய்ய முடியாது என்றால் எதை வைத்து? நடமாடும் அமீபா சிவப்பணுவை விழுங்கி வைத்திருந்தால் அது ஹிஸ்டாலிடிகாவாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. ஷிகெல்லாவால் ரத்த பேதி வரும்போது குடலிலிருந்து மேக்ரோஃபேஜ் என்ற பெரிய வெள்ளையணுக்கள் மலத்தில் வந்து சேரும். அவையும் உருவத்தில் அமீபாவை ஒத்தவை. சிவப்பணுவை விழுங்குபவை. பார்வையாளர் அவசரத்தில் இருந்தால் அவையும் அமீபா கணக்கில் ஏறும். அமீபா மருந்தைக் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குள் ஷிகெல்லா தன் போக்கில் வேலையைத் தொடரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரத்த பேதியில் அமீபாவால் வருவது நூற்றில் மூன்றுக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு. ஆகவே சிவப்பணுவை விழுங்கிய அமீபாவை நம்பகமாகக் கண்டிருந்தாலோ, ஷிகெல்லாவுக்கு அந்த ஊரில் வேலை செய்யக்கூடிய இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளைக் கொடுத்தும் ரத்தம் நிற்காவிட்டாலோதான் அமீபா மருந்து என்று அது வரையறுக்கிறது.

மூன்றாவது ஆள் கிரிப்டோஸ்போரிடியம். இவன் கண்ணில் படாமலே வெகுகாலம் தப்பித்துவந்தவன். 1907 இல் டைசர் என்பவர் எலிகளின் வயிற்றில் கண்டு பெயர் வைத்தார். மனிதனிடம் முதன்முதலில் தெரியவந்தது 1976 இல்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பண்ணை ஒன்றைச் சேர்ந்த மூன்று வயதுச் சிறுமி. மலக்குடலிலிருந்து கிள்ளி எடுத்த சிறு திசுவில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை யாரும் கண்டதில்லை என்பதால் அது இல்லை என்று அர்த்தமில்லை. சிவப்பணுவைவிடச் சிறிதாக, 4 முதல் 6 மைக்ரான் குறுக்களவில், ஈஸ்ட் செல் போலவே உருண்டையாக இருப்பதை அயோடின் சொட்டில் யார் பிரித்தறிவார்கள்? காசநோய்க் கிருமிக்கு ஏற்றும் அதே சிவப்பு நிறத்தைச் சற்று மாற்றி மலத்துக்கும் ஏற்றலாம் என்று 1981 இல் கண்டுகொண்ட பிறகு வேலை சுலபமானது. கார்பால் ஃபுக்சினை ஊற்றி, அமிலத்தால் கழுவி, நீலத்தையோ பச்சையையோ மேலே பூசினால், ஈஸ்ட் நீலமாகவோ பச்சையாகவோ ஆகிவிடும். கிரிப்டோ மட்டும் சிவப்பை விடாது.

ஆனால் இதைத் தனியாகக் கேட்டால்தான் செய்வார்கள். கேட்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்ற வேண்டும். 1993 இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குடிநீர் வழியாக ஏறத்தாழ 4 லட்சத்து 3 ஆயிரம் பேருக்கு இது பரவியது. பள்ளிகளிலும் ஆலைகளிலும் ஆள் வராமல் போனதும், மருந்துக் கடைகளில் பேதி மருந்து தீர்ந்துபோனதும்தான் முதலில் தெரிந்த அறிகுறிகள். லேபுகள் தாமதமாகத்தான் கண்டுகொண்டன, வழக்கமான சோதனையில் அது சேர்த்தியில்லை. குளோரின் அதை ஒன்றும் செய்யாது என்பதும் அப்போது ஊருக்கே தெரிந்தது.

எதைத் தேடுகிறோமோ அதுதான் கிடைக்கும் என்ற இந்தச் சங்கடத்தைத் தீர்க்க ஒரே வழி, எல்லாவற்றையும் எல்லாக் குழந்தைகளிடமும் தேடுவது. நலமாக இருக்கும் குழந்தைகளிடமும். அதைத்தான் கெம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு செய்தது. ஆப்பிரிக்காவில் நான்கு, ஆசியாவில் மூன்று என ஏழு இடங்கள். கொல்கத்தா அதில் ஒன்று. 2007 கடைசியிலிருந்து மூன்றாண்டுகள், மிதமானது முதல் கடுமையானது வரையிலான வயிற்றுப்போக்கோடு வந்த 9,439 குழந்தைகளின் மலத்தையும், அதே வயது, அதே ஊர், ஆனால் பேதி இல்லாத 13,129 குழந்தைகளின் மலத்தையும் சோதித்தார்கள். 2013 இல் முடிவுகள் வந்தன. ஒரு வயதுக்குட்பட்டவர்களில் ரோட்டா வைரஸுக்கு அடுத்த இடத்தில் நின்றது கிரிப்டோஸ்போரிடியம். ஒன்று முதல் இரண்டு வயதுக்குள், அது மலத்தில் இருந்த பேதிக் குழந்தைகள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல். கால்நடை மருத்துவர்களும் எய்ட்ஸ் மருத்துவர்களும் மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கிருமி, ஒரே நாளில் குழந்தை மருத்துவத்தின் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது.

ஜியார்டியாவுக்கு நேர் எதிரான முடிவு. பல இடங்களில் அது பேதிக் குழந்தைகளைவிட நலமான குழந்தைகளிடம்தான் அதிகமாக இருந்தது. இந்தக் கணக்கை ஒரு கற்பனை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். பேதியுள்ள 100 குழந்தைகளில் 20 பேரிடம் ஜியார்டியா. நலமான 100 பேரில் 22 பேரிடம். அப்படியானால் அந்த 20 பேரில் யாருடைய பேதிக்காவது ஜியார்டியா காரணம் என்று எப்படிச் சொல்வது? மருத்துவரின் மேசைக்கு வருவது பேதிக் குழந்தை மட்டும். அந்த 22 பேர் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் மலத்தை யாரும் கேட்பதில்லை. சீட்டில் தெரியும் ஜியார்டியாவை எடைபோட அந்த இன்னொரு கூட்டம் வேண்டும் என்பதுதான் இந்தத் துறையில் கடந்த இருபதாண்டுகளில் நான் கண்ட பெரிய மாற்றம்.

அந்த இன்னொரு கூட்டத்தைத் தேடிப் போனவர்களில் வேலூர்க்காரர்களுக்கு முக்கிய இடமுண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ககன்தீப் காங் குழுவினர் 2002 முதல் ராமநாயக்கன்பாளையம், சின்னல்லாபுரம், கஸ்பா பகுதிகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து மூன்று வயதுவரை பின்தொடர்ந்தார்கள். பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த நெருக்கமான தெருக்கள். வாரம் இரண்டு முறை களப்பணியாளர் வீட்டுக்கு வருவார். பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலம் எடுப்பார். ‘நல்லாத்தானே இருக்கான், இப்ப எதுக்கு?’ என்று கேட்கும் தாய்மார்களிடம் பொறுமையாகப் பேசி டப்பாவை நிரப்பி வாங்கிய அந்தப் பெண்களின் உழைப்பில்தான் அறிவியல் நின்றது. ரோட்டா வைரஸுக்காகத் தொடங்கிய வேலை. ஆனால் அந்த மாதிரிகளை ஒட்டுண்ணிக்காகச் சோதித்தபோது, பேதி இல்லாத நாட்களிலும் கிரிப்டோ வந்து போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. நுண்ணோக்கி தவறவிட்டதை, மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை பிடித்தது. இதே வேலூரில் பின்னர் நடந்த இன்னொரு ஆய்வில், நகராட்சிக் குழாய்த் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் பாட்டில் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். கிரிப்டோ தொற்றில் வித்தியாசமே இல்லை. தண்ணீர்க் குடம் ஒன்றே அதன் வழி என்று நினைத்தவர்களுக்கு அது சங்கடமான செய்தி. கை, தரை, கூடப்பிறந்த குழந்தை என்று வழிகள் ஏராளம்.

பின்னர் வேலூரும் சேர்ந்த எட்டு நாடுகளின் மால்-எட் ஆய்வு, ஜியார்டியா பற்றிய சித்திரத்துக்கு ஒரு திருத்தம் தந்தது. திடீர்ப் பேதிக்கு அது காரணமாகத் தெரியவில்லை. ஆனால் ஆறு மாத வயதுக்கு முன்பே தொற்றி விடாமல் தங்கிவிட்ட குழந்தைகள் இரண்டு வயதில் உயரத்தில் பின்தங்கினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும் பேதியோடு ஜியார்டியாவுக்கு உறவு இருப்பதும் வேறு ஆய்வுகளில் தெரிந்தது. எனவே அது நிரபராதி என்று விடுவித்துவிடவும் முடியாது. குற்றம் வேறு, அவ்வளவுதான்.

இன்றைக்குப் பெரிய நகரத்து மருத்துவமனைகளில் ஒரே கருவியில் 22 கிருமிகளின் மரபணுவை ஒரு மணி நேரத்தில் தேடும் பி.சி.ஆர். தொகுப்புகள் வந்துவிட்டன. ஒட்டுண்ணிகளில் ஜியார்டியா, கிரிப்டோ, ஹிஸ்டாலிடிகா, சைக்ளோஸ்போரா நான்கும் அதில் உண்டு. டிஸ்பாரோடு குழப்பம் இல்லை. புழுக்கள் அதில் கிடையாது. நம் ஊரில் ஒரு குழந்தையின் மலத்தைப் போட்டால் மூன்று, நான்கு கிருமிகள் சேர்ந்தே ‘உண்டு’ என்று வரலாம். போன மாதத்துத் தொற்றின் மிச்சம், இந்த வாரத்து நோய், சும்மா வந்துபோவது எல்லாம் ஒரே பட்டியலில். கெம்ஸ் மாதிரிகளை மறுபடி எடுத்து அளவறியும் பி.சி.ஆர். செய்தவர்கள் 2016 இல் காட்டியது இதுதான். உண்டா இல்லையா என்பதைவிட எவ்வளவு உண்டு என்பதுதான் நோயோடு ஒத்துப்போகிறது. குறைந்த அளவில் இருப்பது நலமான குழந்தையிலும் இருக்கும். அளவு ஒரு கோட்டைத் தாண்டும்போதுதான் பேதியோடு முடிச்சுப் போட முடிகிறது. அந்த அளவைச் சீட்டில் அச்சிட்டுத் தரும் மருத்துவமனைகள் அரிது.

அதனால் குழந்தை மருத்துவர்கள் பெரும்பாலும் பழைய இரண்டு கேள்விகளிலிருந்தே தொடங்குகிறார்கள். எத்தனை நாளாகிறது? ரத்தம் இருக்கிறதா? நாலு நாள் தண்ணீர்ப் பேதி, ரத்தம் இல்லை என்றால் மலப் பரிசோதனையே பல சமயம் அநாவசியம். ஓ.ஆர்.எஸ்., தாய்ப்பால், வழக்கமான சாப்பாடு, துத்தநாக மருந்து. ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், மேற்பட்டவர்களுக்கு 20. பதினான்கு நாளைத் தாண்டினால் ஒட்டுண்ணியைத் தேடுவதற்கு அர்த்தம் வருகிறது. அப்போது ஜியார்டியா தெரிந்தால் மருந்து கொடுக்கலாம். எடை குறைந்துகொண்டே போகும் குழந்தைக்கோ எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைக்கோ கிரிப்டோ நிறமேற்றலைக் கேட்டே எழுத வேண்டும்.

கிரிப்டோ தெரிந்தால் என்ன செய்வது என்பதுதான் இப்போது இடிக்கும் இடம். இருப்பது நைட்டாசோக்ஸனைடு ஒன்றுதான். 2002 இல் சாம்பியாவின் லுசாகாவில், ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்கு மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. இல்லாதவர்களில் மருந்து பெற்ற 25 பேரில் 14 பேருக்குப் பேதி நின்றது. வெறும் சர்க்கரைச் சிரப் போன்ற போலி மருந்து பெற்ற 22 பேரில் 5 பேருக்குத்தான் நின்றது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பயன் எதுவும் தெரியவில்லை. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஒன்று முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அனுமதித்தது. கெம்ஸ் ஆய்வில் கிரிப்டோவுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது ஒரு வயது நிரம்பாத குழந்தைகளிடம். அந்த வயதுக்கு அனுமதி பெற்ற மருந்து அன்று இல்லை.